தண்ணீர் எங்கே நிற்கிறது? கழிவுநீர்க் குழாய் அடைப்பு பற்றி வாசகர் கேள்வி – பதில்

தீபாவளிப் பலகாரம் முடிந்து, மழையும் பிடித்து, இரவில் சற்றுக் குளிரத் தொடங்கும் இந்த நாள்களில், சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது என்றும் குளியலறையில் தண்ணீர் வடியவில்லை என்றும் எழுதப்படும் கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வருகின்றன. அவற்றில் ஆறு கடிதங்களை இடம் கருதிச் சுருக்கி, இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மூன்றாவது கடிதத்துக்கான பதிலை மட்டும், உங்கள் வீட்டில் அடைப்பு இல்லாவிட்டாலும், தயவுசெய்து படித்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை வாசகி): எங்கள் சமையலறை சிங்க் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஆப்பச் சோடாவைக் கொட்டி, அதன்மேல் வினிகரை ஊற்றி, பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விடும்படி உறவினர் ஒருவர் சொன்னார். நுரை பொங்கி வந்தது, தண்ணீரும் இறங்கியது. இரண்டே நாளில் மறுபடி அடைத்துக்கொண்டது. நான் செய்ததில் என்ன தவறு?

பதில்: நுரை வந்தது உண்மைதான், ஆனால் அது அடைப்பைத் தொடவில்லை. ஆப்பச் சோடா ஒரு காரம். வினிகர் ஒரு மென்மையான அமிலம். இரண்டும் சேர்ந்தவுடன் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயுவாகவும் உப்புக் கரைந்த தண்ணீராகவும் மாறிவிடுகின்றன. அந்த வாயு, திறந்திருக்கும் மேல்வாய் வழியாக வெளியேறுமே தவிர, கீழே இறுகிக் கிடக்கும் எண்ணெய்க் கட்டியை இடித்துத் தள்ளாது. பின்னால் ஊற்றிய வெந்நீர் அந்தக் கட்டியின் நடுவே ஒரு சிறு துளை போட்டிருக்கும். அந்தத் துளை இரண்டு நாளில் தூர்ந்துபோயிற்று.

சமையலறைக் குழாயில் சேர்வது என்ன என்பதைச் சொன்னால், ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்கும். வடைச் சட்டியையும் குழம்புப் பாத்திரத்தையும் கழுவும்போது இறங்கும் எண்ணெய், குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் வனஸ்பதியும் அதற்கு முன்பே இறுகிவிடும். ஆகவேதான் கார்த்திகை, மார்கழியில் அடைப்பு அதிகம். உங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்களுடனும் சோப்புடனும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத, சுண்ணாம்புக் காரைபோலக் கெட்டியான ஒரு படிவமாக மாறுகிறது. அதன்மேல் தேயிலைத் தூளும், துலக்கும் நாரின் பிசிறும், தேங்காய்ச் சக்கையும், கிரைண்டர் கழுவிய மாவும் வந்து அடுக்கடுக்காகத் தங்குகின்றன.

கொதிக்கும் வெந்நீரில் எனக்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, அரிசி மாவு 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து பசையாகிவிடும். கஞ்சி காய்ச்சிய யாருக்கும் இது தெரியும். ஆனால் குழாய்க்குள் கிடக்கும் இட்லி மாவின்மேல் வெந்நீரை ஊற்றும்போது அதே கஞ்சியைத்தான் காய்ச்சுகிறோம் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது, வீடுகளில் போடப்படும் பிவிசி குழாய் 80 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்கும். கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் குழாய் வளைந்து தொய்ந்துபோகும், இணைப்புகளும் விட்டுப்போகும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் அடுத்த அடைப்பு உருவாகும். எண்ணெய் மட்டுமே காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால், குளிக்க விளாவும் வெந்நீரைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில், ஒரு வாளித் தண்ணீரைப் பாத்திரம் துலக்கும் திரவத்துடன் கலந்து ஒரே வீச்சில் ஊற்றலாம். அதற்குமேல் சூடு வேண்டாம்.

இப்போது அடைப்பை எடுக்கும் முறை. சிங்க்குக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, சிங்க் வாய்க்குக் கீழே கிண்ணம்போல் தொங்கும் பாட்டில் டிராப்பின் அடிப்பகுதியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலான சமையலறை அடைப்புகள் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாட்டில் டிராப் இல்லாமல், சுருள் சுருளாக மடிப்புள்ள வளைகுழாய் தொங்குகிறது என்றால், அதன் மடிப்புகளில்தான் அழுக்குத் தங்கும். அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள், வயிறு தொங்காத அளவுக்குச் சுருக்கி மாட்டுங்கள். இவை சுத்தமாக இருந்தும் தண்ணீர் நிற்கிறது என்றால், அடைப்பு சுவருக்குள் போகும் குழாயில் இருக்கிறது. அப்போது எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, சிங்க்கில் நான்கு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி செய்து, பிடி வைத்த ரப்பர் கிண்ணமான பிளஞ்சரை வாயின்மேல் பதித்து, பதினைந்து இருபது முறை அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்துவதைவிட இழுப்பது முக்கியம். இறுகிய கட்டி இழுப்பில்தான் அசைந்து கொடுக்கும். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் மற்றொரு வாயையும், மேல் விளிம்பில் நிரம்பி வழியாமலிருக்க வைத்திருக்கும் சிறு துளையையும் ஈரத் துணியால் அடைத்துக்கொள்ளாவிட்டால், நீங்கள் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் அந்த வழியே வீணாகிவிடும். இதற்கும் அசையாததை, ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே செலுத்தித்தான் எடுக்க வேண்டும்.

மாதாமாதம் இந்த வேலை வராமல் இருக்க, எண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணீரில் காட்டும் முன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். மாவுப் பாத்திரத்தின் முதல் கழுவலைச் செடிக்கு ஊற்றுங்கள். மாடு வைத்திருந்த வீடுகளில் கழுநீர்ப் பானை என்று ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீரும், வடித்த கஞ்சியும், மாவுக் கழுவலும் அதில் சேர்ந்து மாட்டுக்குப் போயின. மாடு போனபின் அவ்வளவும் குழாயில் இறங்குகிறது. அந்தப் பானையின் வேலையை இப்போது ஒரு வாளியும் இரண்டு தொட்டிச் செடிகளும் செய்யலாம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): என் மூன்று பெண்களுக்கும் நீண்ட கூந்தல். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்தால் குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தரையில் உள்ள டிராப்பின் உள்கிண்ணத்தை எடுத்து எறிந்துவிட்டால் அடைப்பே வராது என்று பிளம்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. அந்தக் கிண்ணம் இருப்பதால்தான் நஹானி டிராப் எனப்படும் அந்தத் தரை டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீர்த் திரைதான் சாக்கடை வாயுவும் கரப்பான் பூச்சியும் உங்கள் குளியலறைக்குள் வராமல் தடுக்கும் கதவு. தரை டிராப்புகளில் இந்தத் திரை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ஆம் ஆண்டு பிரிட்டனில், கழிப்பறைத் தொட்டிக்கு இவ்வாறு தண்ணீர் தங்கும் வளைகுழாய் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வைத்துக்கொள்ள மனிதருக்கு முடிந்ததற்கு இந்த எளிய தண்ணீர்த் தடுப்பும் ஒரு பெரிய காரணம். அதைத் தூக்கி எறியச் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

எண்ணெயும் சீயக்காய்த் தூளும் முடியும் சேர்ந்தால், நாரும் களிமண்ணும் கலந்து பிசைந்த சாந்துபோல் ஆகிவிடும். ஆகவே எண்ணெய் தேய்க்கும் முன் தலையை நன்றாக வாரி, சீப்பில் வரும் உதிர்முடியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடச் சொல்லுங்கள். டிராப்பை மூடும் துளைத் தட்டான ஜாலியின்மேல் நெருக்கமான கண்ணுள்ள வலைத் தட்டு ஒன்றை வைத்து, குளியல் முடிந்ததும் அதில் தங்கியதை வழித்து எடுங்கள். வாரம் ஒருமுறை கையுறை அணிந்து ஜாலியைத் தூக்கி, கிண்ணத்தை எடுத்துக் கழுவி, திரும்ப வைத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிட வேலைதான். முடியை இழுக்க, நுனி வளைத்த கம்பியைப் பயன்படுத்துங்கள். விளக்குமாற்று ஈர்க்கை விட்டுக் குத்தினால் அது உள்ளே முறிந்து, அடுத்த அடைப்புக்குத் தானே காரணமாகிவிடும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அடைப்பு நீக்கும் பொடி ஒரு பாக்கெட் போட்டேன், தண்ணீர் இறங்கவில்லை. வீட்டில் கழிப்பறை கழுவும் ஆசிட் இருக்கிறது. அதையும் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். அந்தப் பொடியில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா, கடுமையான காரம். ஆசிட் என்று விற்கப்படுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சந்தித்தால் எழும் வெப்பத்தில் உள்ளே இருப்பது கொதித்து, குனிந்து பார்ப்பவர் முகத்தில் தெறிக்கும். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் அது நுரையீரலை எரித்துவிடும். ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றும் பழக்கத்தால்தான் வீடுகளில் இந்த விபத்துகள் நேர்கின்றன.

இதில் இன்னொருவர் உயிரும் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில், பொடி போட்டதைச் சொல்லாமலே பிளம்பரை அழைத்திருந்தார்கள். அவர் வெறுங்கையால் டிராப்பைத் திறந்தார். தேங்கியிருந்த காரத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. முதலில் வழவழவென்று சோப்புபோல்தான் இருந்தது என்றார். தோல் வெந்துகொண்டிருக்கிறது என்று புரிவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்தக் கைகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் முதல் வார்த்தையாக, இன்ன பொடியை இத்தனை மணிக்குப் போட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் வரும்வரை பிளஞ்சரை வைத்து அழுத்தாதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால், வினிகரோ எலுமிச்சைச் சாறோ தேட வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக்கும், முடியையும் அரிக்கும் என்பது உண்மை. ஆனால் முழுவதும் அடைத்து நிற்கும் குழாயில், பொடி அடைப்பைச் சேராமல் வழியிலேயே கல்லாக இறுகிவிடுவதும் உண்டு. ஆசிட்டோ, எண்ணெயையும் கரைக்காது, முடியையும் கரைக்காது. சிமெண்ட் பூச்சையும், மொசைக் தரையையும், எவர்சில்வர் சிங்க்கையும்தான் தின்னும். அடைப்புக்கு ஆசிட் வாங்கும் பணத்தில் ஒரு பிளஞ்சர் வாங்கி வையுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): மாடியில் உள்ள குளியலறையை மகன் விடுமுறைக்கு வரும்போது மட்டுமே பயன்படுத்துகிறோம். அடைப்பு இல்லை, ஆனால் தாங்க முடியாத நாற்றம் வருகிறது.

பதில்: டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிட்டது. வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். மாதக் கணக்கில் வெளியூர் செல்வதானால், தண்ணீரின்மேல் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் செல்லுங்கள். அந்தப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். எண்ணெயைக் குழாயில் விடுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

கேள்வி (சென்னை வாசகி, தரைத்தள அடுக்ககம்): நாங்கள் குழாயைத் திறக்காவிட்டாலும், மேல்தளங்களில் துணி துவைத்தால் எங்கள் குளியலறைத் தரையில் சோப்பு நுரையுடன் தண்ணீர் மேலே வருகிறது. குடியிருப்போர் சங்கம், இது உங்கள் வீட்டுப் பிரச்சினை, நீங்களே செலவு செய்யுங்கள் என்கிறது.

பதில்: நீங்கள் எழுதிய ஒரு வரியே சங்கத்துக்குப் பதில். ஒரு வாயில் மட்டும் தண்ணீர் நின்றால் அடைப்பு அந்த வாய்க்கு அருகில் இருக்கும். வீட்டின் எல்லா வாய்களும் மெதுவாக வடிந்தால், வீட்டிலிருந்து வெளியேறும் குழாயில் இருக்கும். நீங்கள் எதையும் திறக்காதபோதே மேல்தளத்துத் தண்ணீர் உங்களிடம் ஏறி வருகிறது என்றால், மேல்தளக் குழாயும் உங்கள் குழாயும் சேரும் இடத்துக்கு அப்பால்தான் அடைத்திருக்க முடியும். அது பொதுக் குழாய். செலவும் பொதுச் செலவுதான். உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. வளாகத்தைச் சுற்றியுள்ள சேம்பர்களின், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடியிட்ட தொட்டிகளின், மூடிகளைப் பிளம்பரை விட்டு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். தெருவை நோக்கிப் போகும் வரிசையில், ததும்பி நிற்கும் கடைசி சேம்பருக்கும் காலியாக இருக்கும் அடுத்த சேம்பருக்கும் இடையில் அடைப்பு இருக்கிறது. தெருவோரத்துக் கடைசி சேம்பரும் ததும்புகிறது என்றால் தெருக் குழாயே நிரம்பியிருக்கிறது என்று பொருள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். மூடியைத் திறந்தவுடன் யாரும் உள்ளே தலை நீட்டக் கூடாது. தீக்குச்சியோ பீடியோ அருகில் வேண்டாம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைத்தால், குழாயின் சரிவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நான்கு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, ஆறு அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1 என்பது கட்டடத் துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. அதாவது நான்கு அங்குலக் குழாய் பத்தடி தூரத்தில் மூன்று அங்குலம் இறங்க வேண்டும். மழைநாளில் மட்டும் தண்ணீர் ஏறுகிறது என்றால், மொட்டைமாடி மழைநீர்க் குழாயை யாரோ கழிவுநீர் சேம்பரில் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழிவுநீர்க் குழாய் ஒரு மாடி முழுவதன் மழையைத் தாங்காது. அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடம், 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு. நிரந்தரத் தீர்வாக, தரைத்தளக் குழாய்களை மேல்தளக் குழாயுடன் சேர்க்காமல் தனியாகச் சேம்பருக்குக் கொண்டுபோகும்படி சங்கத்திடம் கேளுங்கள். புதிய கட்டடங்களில் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். செய்யாமல் விட்டதன் துன்பத்தைத் தரைத்தளத்துக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றன.

அடைப்பை எடுக்கும்போது என்ன வெளியே வருகிறது என்பதையும் நின்று பாருங்கள். மாதவிடாய் அணையாடை, டயப்பர், ஈரத் துடைப்பான் ஆகியவை வந்தால், வெட்கப்படாமல் சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அவை தண்ணீரை உறிஞ்சி உப்புவதற்காகவே செய்யப்பட்டவை. குழாயிலும் அதைத்தான் செய்யும். தாளில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய ஒருவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். கூப்பிடலாமா?

பதில்: அவரை இறக்காதீர்கள். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கும்; பிராணவாயு குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும்; அளவு கூடியதும் மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று செய்தி வருவது இதனால்தான்.

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் வீடு திரும்பாதவரை ஈடுசெய்யாது. அவர் கேட்கும் கூலி குறைவு என்பது, அவருக்கு வேறு வழி இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வதற்கான 14420 என்ற உதவி எண்ணை அழைத்தோ, நகராட்சியிடம் கேட்டோ, உறிஞ்சி எடுக்கும் லாரியை வரவழையுங்கள். அடியில் படியும் சேறு தொட்டியின் இடத்தை நிரப்பிவிடுவதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். நுண்ணுயிர்கள்தான் உள்ளே வேலை செய்கின்றன. கழிப்பறையில் தினமும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றினால் அவை செத்துப்போய், தொட்டி விரைவில் நிரம்பும். காலி செய்த சில வாரங்களிலேயே மறுபடி தண்ணீர் மெதுவாக இறங்கினால், தொட்டியைக் குறை சொல்ல வேண்டாம். அதிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி தூர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

லாரி வருவதற்கு முந்தின நாளே தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். பல வீடுகளில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பின்னர் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்தபின் சற்று நேரம் காற்றாட விட்டு, வேலை முடியும்வரை வீட்டார் ஒருவர் பக்கத்திலேயே நின்று பிள்ளைகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் எட்டாத மூலையில் கொஞ்சம் சேறு மிஞ்சியிருந்தாலும், யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். அது அங்கேயே கிடக்கட்டும். புதிதாகச் சேரும் கழிவைச் சிதைக்கத் தேவையான நுண்ணுயிர்கள் அந்தச் சேற்றிலும் இருக்கின்றன.